காஜா பெராங் வீட்டுக்கார அம்மா

தஞ்சாவூரில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, கதவைப் பாதி திறந்துகொண்டு நின்ற அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க குலதெய்வம் எது?" என்பதுதான். பக்தியுள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்து, சாமியின் பெயரையும் கோயில் இருக்கும் ஊரையும் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க. சொல்ல மறந்துட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். தெருமுனைக்கு வந்த பிறகுதான் என் கணவர் சொன்னார்: "அவங்க கேட்டது சாமியை இல்ல. நம்ம ஜாதியை."

நான் பிறந்து வளர்ந்ததும் அதே ஜில்லாதான். இதெல்லாம் தெரியாதவள் இல்லை. ஆனால் கல்யாணமான கையோடு கப்பலேறி மலாயாவுக்குப் போய், மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரே வீட்டில் அத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு வந்ததில், வீடு கேட்டுப் போனால் இப்படியும் கேட்பார்கள் என்பது மறந்தே போயிருந்தது. மறக்கும்படி செய்தவர் அந்த வீட்டுக்கார அம்மா.

அவரை நாங்கள் எல்லோரும் 'மக்சிக்' என்றுதான் கூப்பிடுவோம். மலாயில் சித்தி, அத்தை எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். அவர் மலாக்காச் செட்டி. பல தலைமுறைகளுக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்குப் போய், அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழி. நெற்றி நிறைய விபூதி, உடம்பில் சாரோங் என்கிற கைலியும் கெபாயாச் சட்டையும், வாயைத் திறந்தால் மலாய். கோயிலில் தேவாரம் பாடும்போது கண்ணில் நீர் வழிய நிற்பார். ஒரு வரிக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. எனக்கோ அப்போது மலாய் தெரியாது. பிறகு அவரிடமேதான் கற்றுக்கொண்டேன். அதனால் அவர் பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

வீட்டைக் காட்டிய அன்று அவர் எங்களை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மழை வர்றதுக்கு முன்னாடி ஜன்னலைச் சாத்திடுவீங்களா? பலகை ஊறிப்போகும்." என் கணவர் சரி என்றார். அவ்வளவுதான். சாவியை என் கையில் வைத்தார். முன்வீடு எங்களுக்கு. பின்னால் ஒற்றை அறையும் ஒரு சின்ன அடுப்படியும் இருந்தன. அதில் அவர் இருந்துகொண்டார். வாசலைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, திறந்து கிடந்த கதவுக்கு வெளியே நின்று, "போலே மாசோக்?" என்றார். நான் விழித்தேன். "உள்ள வரலாமான்னு கேக்கறாங்க" என்றார் என் கணவர். அடுப்படியில் தன் மண்சட்டி ஒன்றை மறந்து வைத்துவிட்டாராம். அதை எடுக்க அனுமதி! சாவியைக் கொடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நான் தலையாட்டும்வரை நின்று, பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

அந்தப் பழக்கம் ஒருநாளும் மாறவில்லை. கோயில் பிரசாதம் கொண்டுவந்தாலும் வாசலில் நின்று கேட்பார். என் மகள் அங்கேதான் பிறந்தாள், அவளைக் கொஞ்ச ஆசை ஆசையாக வருவார், வந்தாலும் கேட்பார். குழந்தை அவர் குரலைக் கேட்டதும் தவழ்ந்துகொண்டு வாசலுக்கு ஓடும். அவர் வெளியே நின்றபடி கையை நீட்டுவார், உள்ளே வர மாட்டார்.

ஒரு தடவை பெருமழையில் அடுப்படிக் கூரை ஒழுகியது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்க்க ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து, கதவைத் தட்டிவிட்டு, குடையில்லாமல் மழையில் நின்றிருக்கிறார். அந்த ஆள் "உங்க வீடுதானே, உள்ளே போங்க" என்று முணுமுணுத்தானாம். நான் வந்து கதவைத் திறந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது கோபமாகவே கேட்டேன்.

"உங்க வீட்டுக்குள்ள வர நீங்க எதுக்கு மக்சிக் மழையில நிக்கணும்?"

"வீடு எனக்குத்தான். ஆனா நீ இருக்கியே உள்ள" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பேச்சில் அந்த ஊர் வழக்கப்படி எதற்கும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அவரிடம் போய், "மக்சிக்குக்குக் கொஞ்சம் அப்படி இப்படியா அக்கா?" என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் சொல்லாதே லா" என்றார் அக்கா. "ஜப்பான்காரன் காலத்துல பட்டது அது. அவங்களே ஒருநாள் சொல்லுவாங்க."

சொன்னார். ஒரு மத்தியானம் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். அந்த முன்வீடு அவர் கணவர் தன் கையால் பலகை அறுத்துக் கட்டியது. ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம், சிப்பாய்கள் மூன்று பேர் பூட்ஸ் காலோடு நேராக உள்ளே வந்தார்கள். ஒருவன் கூடத்தில் நின்றான். ஒருவன் படுக்கையறைக்குள் போனான். ஒருவன் அடுப்படிக்கு வந்து சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தான். அவர் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகழுவக்கூட விடவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். போனவர் போனவர்தான். எங்கே செத்தார், எப்போது செத்தார், புதைத்தார்களா எரித்தார்களா, ஒன்றும் தெரியாது.

"அவங்களைக் கூட்டிப் போனதைவிட, அந்த மூடியைத் திறந்தான் பாரு, அதுதான் கண்ணுல நிக்குது" என்றார். பிறகு துருவிய தேங்காயைப் பிழிய எழுந்து போய்விட்டார். இன்னொரு முறை அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்களுடைய இரண்டாவது குழந்தை பையன். உட்காரப் பழகியிருந்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கி வந்தோம். மறுநாள் என் கணவர் பண்டார் ஹிலிரில் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். அங்கே அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. முற்பகலில் குழந்தை என் மடியிலேயே போய்விட்டான்.

நான் கத்தியது எனக்கே தெரியாது. அக்கா ஓடி வந்தார். தெருப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் என் கையிலிருந்து குழந்தையை வாங்கப் பார்த்தார். ஒருவர் "விட்டுடும்மா, வச்சிருக்கக் கூடாது" என்று என் விரல்களைப் பிரித்தார். யாரோ துணி தேடினார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். என் வீடு எனக்குத் தெரியாத வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது வாசலில் அந்தக் குரல் கேட்டது. "போலே மாசோக்?"

"இந்த நேரத்துல என்ன மக்சிக்! உள்ள வாங்க லா!" என்று அக்கா அதட்டினார். அவர் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்லப் பேச்சு அடங்கி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வாங்க" என்றேன்.

குழந்தை போன பிறகு நான் பேசிய முதல் சொல் அது. அவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தையைத் தொடவில்லை. "எப்போ குடுக்கணும்னு உனக்குத் தோணுதோ அப்போ குடு. அதுவரைக்கும் யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். என் விரல்களைப் பிடித்திருந்த பெண் கையை எடுத்துக்கொண்டார். என் கணவர் வந்து சேரும்வரை அவன் என் மடியில்தான் இருந்தான்.

என் கணவர் கூடத்துக்குள் வந்தவர், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, மக்சிக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க வீட்டுல இப்படி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எதுக்கு மன்னிப்பு? வீடு எதுக்கு இருக்கு? பிறக்கறதும் சாகறதும் வீட்டுக்குள்ளதான் நடக்கணும். ரோட்டுலயா சாகணும்? காட்டுலயா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் கணவருக்குத் தெரியாது. அவர் கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

பால் குடிக்கும் குழந்தை போனால் நம் பக்கத்தில் திதி கிடையாது, படையல் கிடையாது. புதைத்துவிட்டு வந்து, அடுத்ததைப் பெற்றுக்கொள் என்பார்கள். என் மாமியார் அப்படித்தான் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்வதற்குக்கூட எனக்கு ஆள் இல்லை. என் கணவர் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டிகள் தங்கள் முன்னோருக்கு இலை போடுவார்கள். 'பார்ச்சு' என்று அவர்கள் பேச்சில் பெயர். செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வாழையிலையில் வைத்துவிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டிலிருப்பவர்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்பார்கள். குழந்தை போன வருஷம், அதற்கு முந்தின நாள் மக்சிக் வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் ஏதோ கேட்கத் தயங்கினார்.

"நாளைக்கு நான் அவருக்கு இலை போடுவேன். உன் மகனுக்கும் பக்கத்துல ஒண்ணு போடட்டுமா? உனக்கு வேண்டாம்னா வேண்டாம்."

"எங்கே போடுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். பின்கட்டில்தான் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவர் கட்டிய கூடம் இது. நாங்கள் குடிவந்த நாள் முதல், தன் கணவருக்கு அந்த அடுப்படி மூலையில் இலை போட்டிருக்கிறார். கூடத்தைக் கொஞ்ச நேரம் கொடு என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை.

"இங்கே போடுங்க" என்றேன். "ரெண்டையும் இங்கே போடுங்க."

மறுநாள் அவர் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மீன் குழம்பும் கோழியும் தேங்காய்ப்பால் சோறுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நுனியிலை. அதில் என்ன வைப்பது என்று என்னைக் கேட்டார். அவன் சோறே சாப்பிட ஆரம்பிக்கவில்லை. நான் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன். என் கணவர், "நம்ம வழக்கத்துல இது இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் எழுந்து போகவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து வேலி ஓரமாக நின்றோம். மக்சிக் சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் கணவர் முதன்முதலாக அன்றுதான் அழுதார். அந்த வீட்டில் இருந்தவரை வருஷா வருஷம் அந்த இரண்டு இலைகளும் கூடத்தில்தான் விழுந்தன.

பிறகு மெர்டேக்கா வந்தது, மலாயாவின் சுதந்திரம். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்தைப் பற்றிப் பேச்சு நடந்தபோது என் கணவரும் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தார். குடியுரிமை எடுத்துக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த கம்பெனி கைமாறப்போவதாகப் பேச்சு இருந்தது. ஊரில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. என்ன இருந்தாலும் இது அடுத்தவன் ஊர் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் கிளம்பினோம்.

மக்சிக்கிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லது. உன் ஊர்ல உனக்குச் சொந்த வீடு இருக்கும். இனிமே யாருக்கும் வாடகை குடுக்க வேண்டாம்" என்றார்.

"அங்கேயும் வாடகை வீடுதான் மக்சிக்."

அவருக்கு அது புரியவில்லை. "சொந்த ஊர்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

தஞ்சாவூரில் நாங்கள் குடியிருந்த வீடுகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டில் மீன் வாங்கினால் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். மகளுக்கு அம்மை போட்டபோது, "உங்க சொந்தக்காரங்க வீட்டுல வச்சுப் பாத்துக்குங்களேன்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அந்த வெயிலில் அவளைக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடைசியாக வந்த வீட்டின் அம்மாள் உண்மையிலேயே பாசமானவர். முறுக்கு சுற்றினால் முதலில் என் மகளுக்குத்தான் கொடுப்பார். ஆனால் எந்நேரமும் நேராக என் அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கு என்னடி குழம்பு?" என்று சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். நான் அடுப்பைவிட்டு ஒதுங்கி நிற்பேன். வாங்கம்மா என்பேன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த வீட்டில் இருக்கும்போதுதான் என் கணவர் நோயில் விழுந்தார். ஈரல் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வண்டி பேசப் போகும்முன் வீட்டுக்கு வந்தேன், படுக்கையைச் சரிசெய்து வைக்க. வீட்டுக்கார அம்மாள் கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. அங்கேயே வச்சுக்கோ. இங்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு இந்தப் போர்ஷனுக்கு ஒருத்தன் குடிவர மாட்டான். நானும் ஒண்டிக்கட்டை, இந்த வாடகையை வச்சுத்தான் இருக்கேன்."

அவர் சொன்னதும் நிஜம்தான். நான் திரும்பிப் போய் டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வராந்தாவில் ஒரு பாய் போட்டு வைத்துக்கொண்டேன். "வீட்டுக்கு எப்போ போறோம்?" என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னேன். அங்கேயே போனார். அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்கு.

அதற்குப் பிறகும் நானும் மகளும் அதே வீட்டில்தான் இருந்தோம். ஆணில்லாத குடும்பத்துக்கு வேறு யாரும் இடம் தர மாட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, மலாக்காவில் என் கணவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், துக்கம் விசாரிக்க வந்தார். பேச்சுவாக்கில் மக்சிக்கைப் பற்றிக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"தவறிட்டாங்கம்மா. உங்களுக்கு யாரும் எழுதலியா?"

நாங்கள் வந்த பிறகு முன்வீட்டில் ஒரு மலாய் வாத்தியார் குடும்பம் குடியிருந்ததாம். மக்சிக் கீழே விழுந்து படுத்த படுக்கையானபோது, வாத்தியாரின் மனைவி அவரை முன்வீட்டுக்குத் தூக்கி வரப் போயிருக்கிறார். மாட்டேன், அது உங்கள் இடம் என்று மக்சிக் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்தப் பெண் விடவில்லை. கூடத்தில் படுக்கை போட்டு, கஞ்சி ஊட்டி, மேல் துடைத்துவிட்டு, பெற்ற பெண் மாதிரி பார்த்துக்கொண்டாளாம். உயிர் போன பிறகு, கோயில்காரர்கள் வந்து செய்ய வேண்டியதைச் செய்யட்டும் என்று அவர்கள் குடும்பத்தோடு பின்கட்டுக்கு மாறிக்கொண்டார்களாம்.

"கூடத்துலயா?" என்று கேட்டேன்.

"கூடத்துலதான். நல்ல சாவு" என்றார் அவர்.

என் கணவர் போனபோதுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். வந்தவர் சங்கடத்தோடு செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார். சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் வந்துவிட்டார்.

"என்னடி, என்ன ஆச்சு? யாரு அவரு?"

"எங்க வீட்டுக்கார அம்மா செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

"எந்த வீட்டுக்கார அம்மா? நான் இங்கதானே நிக்கிறேன்?"

"மலாயாவுல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உறவா?"

"ஆமா."

"எந்த வழியில? தீட்டு உண்டா?"

"உண்டு" என்றேன்.

எழுந்து கொல்லைக்குப் போனேன். மத்தியானத்துக்கு மேல் குடியிருப்பவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம். அவர் என் பின்னாலேயே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வாளியை உள்ளே விட்டேன். கயிறு கிறீச்சிட்டது. அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் துவைக்கிற கல்லின் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

கட்டின புடவையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.